வேலி மதிலாகும்போது தோட்டம் இழப்பவை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் விவசாயம் பெரும் பண்ணைகளின் விவசாயமன்று. பரப்புக் கணக்கில் அளக்கப்படும் சிறு தோட்டத்தையும், ஒரு கிணற்றையும், ஒரு குடும்பத்தின் உழைப்பையும் நம்பியே அது வளர்ந்தது. வற்றாத ஆறு எதுவுமற்ற இந்நிலத்தில், சுண்ணாம்புக்கற் பாறைகளினுள் தேங்கும் மழைநீரை இறைத்தே எமது கமக்காரர்கள் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரக்கறியும் விளைவித்து வந்துள்ளனர். இந்தத் தோட்டங்களில் கூலி கேளாது உழைத்துவந்த இன்னொரு கூட்டமும் உண்டு. அது பறவைக் கூட்டம். அக்கூட்டத்தைத் தங்கவைக்கும் சூழல் எமது கண்முன்னே சுருங்கி வருவது குறித்து எவரும் போதிய கவனம் செலுத்துவதாகத் தெரியவில்லை.

உழும் நிலத்தில் கலப்பையின் பின்னால் கொக்கு செல்வது புழுவுக்காகவே. புலுனிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறுவதும், செண்பகம் வேலியோரத்தில் நத்தையையும் பூச்சியையும் தேடுவதும், ஆந்தை இரவில் எலியைப் பிடிப்பதும் கமக்காரனுக்குச் செய்யும் சேவைகளே. இரட்டைவாலுடைய கரிக்குருவியும் கௌதாரியும் இலங்கையில் பெரும்பாலும் வடக்கு, வடமேற்கு உலர் பிரதேசங்களிலேயே காணப்படுபவை. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையை ஒட்டி, இந்தியாவிலிருந்து ஆறுமணிக் குருவி வந்து நிழல்மிகு வளவுகளில் தங்குகின்றது. குடாநாட்டை அடுத்துள்ள சுண்டிக்குளத்தில் கூடும் வலசைப் பறவைகளின் பாதுகாப்புக்கென அப்பகுதி 1938 இல் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆனால் தோட்டத்துப் பறவைகளுக்கு அத்தகைய பிரகடனம் எதுவுமில்லை. அவற்றின் சரணாலயம் எமது வேலிகளே.

கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால்களாக நின்று தளிர்த்த வேலி வெறும் எல்லைக்கோடு அன்று. அதிலிருந்து வெட்டிய குழை மண்ணுக்குப் பசளையாயிற்று, ஆட்டுக்குத் தீனியாயிற்று. காற்றின் வேகத்தைத் தணித்து, ஈரத்தைக் காத்தது. அதன் கிளைகளில் குருவி கூடு கட்டியது. இன்று அந்த வேலிகளின் இடத்தில் தகரமும் சீமெந்து மதிலும் எழுந்து வருகின்றன. இதற்கும் காரணங்கள் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆண்டுதோறும் வேலி அடைக்க ஆளில்லை, கூலி உயர்ந்துவிட்டது. கதியால் ஒன்று சற்றே நகர்ந்ததற்காகத் தலைமுறைகளாக வழக்காடிய சமூகத்துக்கு, மதில் நிம்மதி தருவதாகவும் தோன்றலாம். ஆயினும் மதில் குழை தராது. வீட்டின் முன்புறம் மதில் எழுப்புவோர் கூட, தோட்டத்தின் ஏனைய பக்கங்களிலாவது உயிர்வேலியைப் பேணலாம் என்பதே எமது வேண்டுகோள்.

மற்றொரு பிரச்சினை நஞ்சு. நீரிறைக்கும் இயந்திரமும் இரசாயன உரமும் வந்தபின் விளைச்சல் பெருகியது உண்மை. அதேவேளை, குடாநாட்டின் கிணற்று நீரில் நைத்திரேற்று அளவுமீறிக் கலந்திருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டியுள்ளன. கடும் நச்சுத்தன்மை கொண்ட பீடைநாசினிகள் சிலவற்றை இலங்கை 1995 இலும் 2008 இன் பின்னரும் படிப்படியாகத் தடைசெய்தது. மனித உயிர்களைக் காத்த நல்ல முடிவுகள் அவை. ஆனால் பூச்சி தென்படுமுன்பே மருந்தடிக்கும் வழக்கம் மாறவில்லை. பூச்சியோடு, பூச்சியைத் தின்னும் பறவையின் உணவும் அழிகின்றது. பறவை விலகியபின் அடுத்த போகத்தில் இன்னும் அதிக மருந்து வேண்டியதாகின்றது.

2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே உத்தரவில் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அதே ஆண்டின் நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. அதன் பின்னர் இயற்கை விவசாயம் என்ற சொல்லே கமக்காரருக்குக் கசந்துபோயிற்று. தவறு இயற்கை விவசாயத்தினுடையதன்று. ஆயத்தமின்றித் திணித்த முறையினுடையதே.

பறவைகள் சேதமே விளைவிப்பதில்லை என நாம் கூறவரவில்லை. கிளி மாங்கனியைக் கொத்துவதும், நாட்டின் பல மாவட்டங்களில் மயில் பயிரை அழிப்பதும் கண்கூடு. 2025 மார்ச் 15 ஆம் திகதி நாடளாவிய ரீதியில் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தப்பட்டு, குரங்கு, மரஅணில் ஆகியவற்றுடன் மயிலும் எண்ணப்பட்டமை இதன் விளைவே. பாதிக்கப்பட்ட கமக்காரருக்கு நட்டஈடும் வலையும் கிடைக்கவேண்டும். ஆனால் பறவையைப் பகையாகக் கருதிய ஒரு நாடு கண்ட பலனையும் மறத்தலாகாது. 1958 இல் சீனா சிட்டுக்குருவிகளைக் கொன்றொழிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. குருவிகள் அழியப் பூச்சிகள் பெருகின. ஏற்கனவே வேறு காரணங்களால் உருவாகியிருந்த பஞ்சம் அதனால் மேலும் கொடிதாயிற்று. 1960 இல் அந்த இயக்கம் குருவிகளைக் கைவிட்டது.

இது குடாநாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் குடியேறிய புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டியின் மணல்நிலத் தோட்டங்களிலும் நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. மண் வேறு, மக்கள் வேறு, நோய் ஒன்றே. நட்ட மரத்தில் பறவை உண்டால் அதுவும் நட்டவனுக்குத் தருமமாகும் என இஸ்லாம் போதிக்கின்றது. முல்லைக்குத் தேர் ஈந்தவனைப் போற்றும் மரபு தமிழருடையது. இரு சமூகங்களும் தத்தம் மரபிலிருந்தே இவ்விடயத்தில் ஒருமித்து நிற்க இயலும்.

இவ்விடயத்தில் பொறுப்பானவர்கள் செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. உயிர்வேலிக்கான கதியால்களையும் கன்றுகளையும் கமநல சேவை நிலையங்கள் வழங்கலாம். எந்தப் பூச்சிக்கு எப்போது மருந்து, எப்போது தேவையில்லை என்பதை விவசாயப் போதனாசிரியர்கள் தோட்டத்துக்கே சென்று விளக்கவேண்டும். யுத்தத்தின்போது உயர்பாதுகாப்பு வலயமாக இருந்து விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளைத் துப்புரவாக்கும்போது, எல்லையோர மரங்களையாவது விட்டுவைக்குமாறு பிரதேச சபைகள் அறிவுறுத்தலாம். பாடசாலைகள் தமது சுற்றாடலில் வரும் பறவைகளை ஆண்டுதோறும் பதிவு செய்யலாம்.

மூன்று தசாப்த யுத்தத்தில் இம்மண் இழந்தவை அநேகம். அவற்றுட் சில மீளக் கிடைக்கமாட்டா. ஆனால் ஒரு கதியாலை ஊன்றினால் அது மாரி மழையில் தளிர்க்கும். அந்தளவுக்கேனும் மீட்கக்கூடியதை, காலம் கடக்குமுன் மீட்டெடுப்பது எமது கையிலேயே உள்ளது.