விரித்துப் பார்க்காத கண்

அந்த அரை மணி நேரத்தை எனக்கு ஏன் தரவில்லை, டாக்டர்?

வலது கண் சிவந்திருந்தது. வெளிச்சம் பட்டால் குத்தியது. பார்வையில் கறுப்புப் பூச்சிகள் பறந்தன. அத்தனையும் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு 'மெட்ராஸ் ஐ' என்றீர்கள். பீளையே தள்ளவில்லையே என்றேன். முதுகில் அக்கி வந்து எழுதிக்கொண்ட கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த ஆளுக்கு மணியடித்துவிட்டீர்கள்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து மட்டும் எழுதினீர்கள். இரண்டே நாளில் சிவப்பு தணிந்தது. மறுபடி வந்து உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேனே! வெளியே தணிந்த நெருப்பு உள்ளே எரிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. உங்களுக்குமா தெரியாது?

பத்தாம் நாள் பார்வை புகைமூட்டமானது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே கண் பாப்பா விரிய மருந்து விட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். விழித்திரையின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் செத்துக்கொண்டிருந்தது. கண்ணின் முன்னறையிலிருந்து ஊசியால் துளி நீர் எடுத்து பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அந்த டாக்டரம்மா காத்திருக்கவில்லை. அன்றைக்கே எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில் அசைக்ளோவிர் ஏற்றினார். கண்ணுக்குள்ளும் ஊசி போட்டார்.

சிறுவயதில் எனக்கு வந்துபோன அம்மையின் கிருமிதானாம். நரம்பில் ஒளிந்துகிடந்து, அக்கியாக எழும்பி, கண்ணுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. வைரஸை அடக்கும் மருந்து முன்னால் நிற்காமல் அதை மட்டும் விட்டதுதான் கேடு என்றார். கேட்டதும் வயிறு எரிந்தது.

ஏழாம் வாரம் அரித்துப்போன விழித்திரை கிழிந்து பிரிந்தது. உள்ளே எண்ணெய் நிரப்பி ஆபரேஷன் செய்தார்கள். இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். இடது கண்ணுக்கும் தாவிவிடக் கூடாதே என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினேன். ராத்திரியெல்லாம் அந்த இடது கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்தேன்.

இருபது வருடம் தைத்தவள் நான். இன்று நூலை நீட்டினால் ஊசிக் காதுக்குப் பக்கத்தில் போகிறது. மகளைக் கூப்பிட்டுக் கோக்கச் சொல்கிறேன்.

பணம் கேட்டு வரவில்லை. சிவந்த கண்ணோடு வந்து பூச்சி பறக்கிறது, பார்வை மங்குகிறது என்று இனி எவர் சொன்னாலும், மருந்து விட்டு, உட்காரவைத்து, உள்ளே பாருங்கள். அக்கி வந்ததா, அம்மை வந்ததா என்று கேளுங்கள்.

எனக்கு? அன்று நான் போட்டேனே ஒரு கும்பிடு, அதையாவது திருப்பித் தாருங்கள்.