நீர்க்கடுப்பும் கக்கூஸ் கோரிக்கையும்

பங்குனி வெயில் ஏறிவிட்டால் ஆத்தூர் வட்டாரத்தில் நீர்க்கடுப்பும் ஏறிவிடும். குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டும் பெண்கள், சேகோ பாக்டரியில் கிழங்குத் தோல் சீவும் பெண்கள், நூல் மில்லில் ஷிப்ட் பார்க்கும் பெண்கள் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சூடு பிடித்துவிட்டது." தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவார்கள், இளநீரும் மோரும் குடிப்பார்கள், மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

மோர் நல்லதுதான். தண்ணீர் அதைவிட நல்லது. ஆனால் வெயில் எல்லோர் தலையிலும்தானே அடிக்கிறது? ஆணைவிடப் பெண்ணை இந்த நோய் பல மடங்கு அதிகமாக வாட்டுவானேன்? திரும்பத் திரும்ப எரிச்சலும் கடுப்பும் வருமானால், பெரும்பாலும் அங்கே ஒரு கிருமி குடியேறிவிட்டது என்றுதான் பொருள்.

அந்தக் கிருமியின் பெயர் ஈ. கோலி. 1885-ல் ம்யூனிக் நகரில் குழந்தை வைத்தியர் தியோடர் எஷெரிக் இதைக் கண்டறிந்தார். நம் எல்லோருடைய குடலிலும் இது வாழ்கிறது. குடலில் இருக்கும் வரை பெரும்பாலும் தொல்லையில்லை. ஆனால் இதில் சில வகைகள் மலத்துவாரத்தின் அருகிலிருந்து நீர்த்தாரைக்குள் ஏறிவிடுகின்றன. நூறு பேருக்கு இந்நோய் வந்தால் சுமார் 75 பேருக்குக் காரணம் இதுவே. பெண்ணின் நீர்த்தாரை சுமார் 4 சென்டிமீட்டர் நீளம். ஆணுக்கோ சுமார் 20 சென்டிமீட்டர். கிருமிக்குப் பெண்ணிடம் பயணம் குறைவு. இது எந்தப் பெண்ணின் நடத்தைக் குற்றமும் அல்ல, உடலின் அமைப்பு.

உள்ளே ஏறிய கிருமியைச் சிறுநீர் அடித்து வெளியே தள்ளிவிடாதா? தள்ளத்தான் பார்க்கும். ஆனால் இந்த வகைக் கிருமிகளின் உடம்பெங்கும் மயிர்போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. அவற்றின் நுனி, நீர்ப்பையின் உட்சுவரிலுள்ள ஒருவகைச் சர்க்கரையைக் கொக்கிபோல் பற்றிக்கொள்ளும். பற்றிய கிருமிகளில் சில சுவரின் உயிரணுக்களுக்கு உள்ளேயே புகுந்து பதுங்கிப் பெருகும். நோய் தீர்ந்ததென்று நினைத்த சில வாரத்தில் மீண்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலேறிச் சிறுநீரகத்தைத் தொட்டால் குளிர் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி. கர்ப்பிணிக்கு வந்து கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவம் வரை போகலாம்.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். கிருமியைக் கழுவி வெளியேற்ற இயற்கை தந்த வழி, நிறையத் தண்ணீர் குடிப்பதும் வந்தபோது சிறுநீர் கழிப்பதும். இந்த இரண்டும் உழைக்கும் பெண்ணுக்கு எங்கே கிடைக்கிறது? காட்டு வேலையில் மறைவிடம் இல்லை. இருட்டும் வரை அடக்குகிறாள். மில்லில் மிஷினை விட்டு நகர்ந்தால் மேஸ்திரி முறைக்கிறார். பாக்டரியில் கக்கூஸ் இருந்தாலும் கதவில்லை, தண்ணீரில்லை. ஆகவே அவள் கண்டுபிடித்த உபாயம், தண்ணீரே குடிக்காமல் இருப்பது! தேங்கிய நீரில் கிருமி சாவகாசமாகப் பெருகுகிறது.

"அவரவர் சுத்தம் அவரவர் பொறுப்பு" என்று உபதேசம் செய்வோர் உண்டு. சுத்தம் வேண்டியதுதான். கதவும் தண்ணீரும் இல்லாத இடத்தில் எந்தச் சுத்தத்தைப் பேணுவது? "ஐந்து நிமிஷம் போனால் உற்பத்தி குறையும்" என்பார் முதலாளி. சிறுநீரகக் காய்ச்சலில் ஒரு பெண் ஒரு வாரம் படுத்தால் குறைவது எவ்வளவு? அந்த வாரக் கூலியை இழப்பவள் யார்?

கக்கூஸ் யாரும் போடும் பிச்சை அல்ல. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19-வது பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடம் வேண்டுமென்று எழுதியது. 2020-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தக் கடமையை முதலாளி தலையில்தான் வைத்திருக்கிறது. ஏட்டில் இருப்பதை இடத்தில் கொண்டுவருவது யார்?

கோழிக்கோட்டைப் பாருங்கள். மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் கக்கூஸ் கேட்டுத்தான் முதலில் குரல் எழுப்பினார்கள். தையல் தொழிலாளி பி. விஜி அவர்களைப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரட்டினார். அந்த இயக்கம் வளர்ந்து, கடை ஊழியர் உட்காரும் உரிமையையும் கேட்டது. 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் அவ்வழியே சட்டம் செய்தது. வெட்கப்பட்டு மௌனமாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

மருந்து விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவதும், எரிச்சல் அடங்கியதும் நிறுத்துவதும் ஆபத்து. கண்டபடி விழுங்கும் மருந்துக்குத் தப்பிய கிருமிகளே பிறகு பெருகுகின்றன. வலுவான மருந்துகளுக்கும் மசியாத கிருமிகள் சென்னை நோயாளிகளிடமும் இருந்ததை 2010-ல் வெளியான ஆராய்ச்சி உலகுக்குக் காட்டியது. கடைசி ஆயுதமாக வைத்தியர்கள் பாதுகாக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழித் தீவனத்தில் கலப்பதை 2019-ல் இந்திய சர்க்கார் தடை செய்தது. கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லுக்குப் பக்கத்திலிருக்கும் நமக்கு அந்தத் தடை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்கும் உரிமை உண்டு.

ஆகவே, எரிச்சலோடு காய்ச்சலோ விலா வலியோ இருந்தால், சிறுநீரில் ரத்தம் கண்டால், கர்ப்பிணியாக இருந்தால் தாமதம் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிறுநீரைப் பரிசோதித்து, வைத்தியர் சொன்ன நாள் முழுவதும் மருந்து சாப்பிடுங்கள். ஆண்களுக்கும் சர்க்கரை வியாதிக்காரருக்கும் இது பொருந்தும்.

அதோடு நின்றுவிடக் கூடாது. கதவும் தண்ணீரும் உள்ள கக்கூஸ், குடிக்க நல்ல தண்ணீர், போய்வர நேரம், காட்டு வேலையில் நாலு கம்பு நட்டுக் கட்டிய மறைப்பு — இவற்றைக் கூலிக் கோரிக்கையோடு சேர்த்து எழுதுங்கள். பெண்கள் சொல்லக் கூசினால் ஆண் தொழிலாளிகள் சங்கக் கூட்டத்தில் முதலில் எழுந்து சொல்லட்டும். மாத்திரை இன்றைய கிருமியைக் கொல்லும். நாளைக் கிருமிக்கு வழியடைக்க, வேலையிடம் மாற வேண்டும்.