பழைய காருக்குப் புதிய இருதயம்

டில்லியில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், வாசலிலோ பின்கட்டிலோ துணி போர்த்திய பழைய கார் ஒன்று நிற்பதுண்டு. தகப்பனார் உத்தியோகத்தில் இருந்த நாளில் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கியது அது. விற்க மனம் வராது, ஓட்டவும் சௌகரியப்படாது. பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியதும், "இதன் உடல் நன்றாகத்தானே இருக்கிறது? உள்ளே ஒரு டர்போ எஞ்சினைப் பொருத்திவிட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். இம்மாதம் இக்கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

இந்த ஆசையைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே இதைச் செய்து காட்டியிருக்கிறது. இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் காரின் உருவத்தைத் தழுவி, 1984-இல் அக்கம்பெனி கான்டெஸாவை வெளியிட்டது. அகன்ற, கம்பீரமான வண்டி அது. ஆனால் அதனுள் இருந்ததோ அம்பாஸடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின். அதன் திறன் ஏறக்குறைய 50 குதிரைசக்தி. மல்லனின் உடலில் பாலகனின் இருதயம் வைத்தாற்போலிருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானின் இசுஸு கம்பெனியாரின் 1817 கன சென்டிமீட்டர் எஞ்சினை அதில் பொருத்தினார்கள். சக்தி 88 குதிரையாக உயர்ந்தது. வண்டியின் குணமே மாறிவிட்டது. பின்னர் அம்பாஸடருக்கும் அதே குடும்பத்து எஞ்சின் வந்து சேர்ந்தது.

ஆனால் கம்பெனி எஞ்சினை மட்டும் மாற்றி நிறுத்திக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து கியர்கள் கொண்ட பெட்டியும் உடன் வந்தது. எஞ்சினீயர்கள் சோதித்தார்கள், சர்க்கார் அங்கீகரித்தது, பதிவுப் புத்தகத்தில் புதிய எஞ்சினின் அளவே எழுதப்பட்டது. தனி மனிதர் ஒருவர் காஷ்மீரி கேட் சந்தையில் உதிரிபாகம் வாங்கித் தெருவோரப் பட்டறையில் பொருத்தும்போது இவற்றில் எது நடைபெறும்?

டர்போ என்பது யாது என்பதையும் சுருக்கமாகப் பார்ப்போம். சுவிட்ஸர்லாந்து எஞ்சினீயர் ஆல்ஃபிரட் பூக்கி இக்கருத்துக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். அச்சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. ஆகவே சுத்தமான எண்ணெயும் தக்க குளிர்ச்சியும் அதற்கு இன்றியமையாதவை. டில்லியின் மே மாதத்து வெயிலில், வாகன நெரிசலின் நடுவே நிற்கும் வண்டியில் பழைய ரேடியேட்டர் அந்த உஷ்ணத்தைத் தாங்குமா?

அடுத்தது பிரேக். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 120-இல் சென்றால் வேகம் ஒன்றரை மடங்கு. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. 50 குதிரைகளுக்கென்று அமைந்த பிரேக்கும், கிளட்சும், பின் அச்சும் 150 குதிரைகளைக் கண்டு மலைத்துப்போகும். எஞ்சினுக்குச் செலவிடும் தொகையைவிட அதைச் சுற்றியுள்ளவற்றுக்குச் செலவு மிகுந்தாலும் வியப்பில்லை.

சட்டத்தின் நிலையோ இன்னும் கண்டிப்பானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டுவது பதிவுப் புத்தகத்தையே என்பதையும் மறத்தலாகாது.

தலைநகர்வாசிகளுக்கு மற்றொரு தடையும் உண்டு. டில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்ற தீர்ப்பாய உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. வயதை மட்டும் காரணமாக்கிக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் சொன்ன அந்நீதிமன்றம், அச்சலுகையை அதே ஆண்டு டிசம்பரில் பாரத் நிலை 4-உம் அதற்குப் பிந்தையதுமான வண்டிகளுக்கே உரியதாக்கியது. கான்டெஸாவின் உற்பத்தி 2002-இலேயே நின்றுவிட்டது. நேற்று வாங்கிய எஞ்சினைப் பொருத்தினாலும் வண்டியின் வயது அதன் பதிவுத் தேதியிலிருந்தே எண்ணப்படும். இருதயத்தை மாற்றியவனுக்குப் பிறந்த நாள் மாறுவதில்லை அல்லவா?

இவ்விடத்தில் இளைஞர்கள் அறியாத ஒரு நஷ்டமும் மறைந்திருக்கிறது. முதற்பதிவிலிருந்து ஐம்பதாண்டு கடந்த சொந்த வண்டிகளைப் புராதன வண்டிகளாகப் பதிவு செய்ய மத்திய சர்க்கார் 2021-இல் விதி வகுத்தது. அவற்றை அன்றாடம் ஓட்ட இயலாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுத்துச் செல்லலாம். ஆனால் சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவை பெரிதும் மாறாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1984-இல் பதிவான கான்டெஸா 2034-இல் அத்தகுதியை அடையும். இன்று பழைய எஞ்சினைக் கழற்றி மாயாபுரியின் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டால், அந்த வாயிலும் அடைபட்டுவிடும்.

அப்படியானால் ஆசையை அடியோடு விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். மின்சார மோட்டார் பொருத்துவதற்குச் சட்டம் இடம் தருகிறது. அங்கீகாரம் பெற்ற சாதனத்தை, அங்கீகாரம் பெற்றவர் கையால் பொருத்தினால் அது செல்லும். டில்லி சர்க்கார் 2021-இல் பழைய டீசல் வண்டிகளுக்கு இவ்வழியை அறிவித்தது. செலவு சிறிதன்று, பாட்டரியின் பாரத்தையும் எண்ண வேண்டும். வேகமே வேண்டுமெனில், டர்போவோடு பிறந்த புதிய வண்டிகள் கடைத்தெருவில் நிறைய உள்ளன. அவற்றின் பிரேக்கும் அதற்கேற்றாற்போல் பிறந்தவையே.

எஞ்சினை மாற்ற எண்ணும் அன்பர், பட்டறைக்குப் பணம் கொடுக்குமுன் பதிவு அதிகாரியின் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேட்கட்டும். அது கிட்டவில்லையெனில், அத்தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு பழைய எஞ்சினையே செப்பனிட்டு, துருப்பிடிக்காமல் வண்டியைக் காத்து வரலாம். குடும்பத்தின் முதற்கார் ஓடினாலும் நின்றாலும் முழுமையாக இருக்கட்டும்.