நண்பர்கள் தொடங்கும் வணிகத்துக்கும் ஒரு தாள் வேண்டும்

சட்டம் படிக்க விரும்பும் மாணவர்களிடம், வழக்கறிஞரின் வேலை என்ன என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். கறுப்பு அங்கி, நீதிமன்றம், குறுக்கு விசாரணை என்றே பெரும்பாலும் பதில் வரும். திரைப்படங்கள் நமக்குக் காட்டிய வழக்கறிஞர் அவர். ஆனால் மலேசியாவில் வழக்கறிஞராக ஏற்றுக்கொள்ளப்படும் ஒருவர் நீதிமன்றத்தில் வாதாடலாம். அலுவலகத்தில் அமர்ந்து ஒப்பந்தங்களும் தயாரிக்கலாம். இரண்டுக்கும் ஒரே தகுதிதான். வணிகச் சட்ட நிறுவனங்களில் பணியாற்றும் பலர் நீதிமன்றத்துக்கு அரிதாகவே செல்கிறார்கள். சச்சரவு வராமல் பார்த்துக்கொள்வதே அவர்களின் அன்றாட வேலை.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. உங்களில் பலர் படிக்கும்போதே சிறு வணிகம் செய்கிறீர்கள். தீபாவளிக்குப் பலகாரம் விற்கிறீர்கள், டி-சட்டை அச்சடிக்கிறீர்கள், திருமணங்களுக்குப் படம் எடுக்கிறீர்கள். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் இரண்டு மூன்று நண்பர்கள் கூட்டுச் சேரும்போது யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கிள்ளானில் மூன்று நண்பர்கள் மண்டப அலங்காரத் தொழில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 10,000 வெள்ளி முதல் போடுகிறார். மற்றவர் தம் வேனையும் உழைப்பையும் தருகிறார். மூன்றாமவர் வாடிக்கையாளர்களைப் பிடித்து வருகிறார். லாபத்தை எப்படிப் பிரிப்பது என்று அவர்கள் பேசவே இல்லை. அப்படியானால் அதைச் சட்டம் முடிவு செய்துவிடும். 1961ஆம் ஆண்டின் பங்காளித்துவச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது மூவருக்கும் லாபம் சமம், நட்டமும் சமம். அதோடு, தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்ற இருவரும் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்தும் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

ஒரு வணிகச் சட்ட நிறுவனத்தின் பிரிவுகளை இந்த மூவரின் பயணத்தோடு பொருத்திப் பாருங்கள்.

முதலாவது, நிறுவனப் பிரிவு. கூட்டாகவே தொழிலை நடத்துவதா, செண்டிரியான் பெர்ஹாட் தொடங்குவதா என்று அது ஆலோசனை சொல்லும். 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி ஒருவரே கூட ஒரு தனியார் நிறுவனத்தைத் தொடங்கலாம். நிறுவனத்தின் கடன் பொதுவாகப் பங்குதாரரின் வீட்டுக்கு வராது. ஆனால் வங்கி கேட்கிறதே என்று தனிப்பட்ட உத்தரவாதத்தில் கையெழுத்திட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இரண்டாவது, அறிவுசார் சொத்துடைமைப் பிரிவு. எஸ்எஸ்எம்மில் தொழிலைப் பதிந்துவிட்டால் பெயர் நமக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. வணிக முத்திரையைத் தனியாகப் பதிய வேண்டும். அப்பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வேலைச் சட்டப் பிரிவு. உதவிக்கு ஓர் ஆளைச் சேர்த்த உடனே இபிஎஃப், சொக்சோ, வேலை நேரம் எல்லாம் வந்துவிடும். 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே சட்டம் அனுமதிக்கும் வழக்கமான வேலை நேரம்.

நான்காவது, ஒப்பந்தப் பிரிவு. இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஒப்பந்தத்தை நகலெடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வேலையை விட்டுப் போன பணியாளர் அதே தொழிலைச் செய்யக்கூடாது என்ற நிபந்தனை வெளிநாட்டு மாதிரிகளில் இருக்கும். நம் நாட்டில் 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 28ஆம் பிரிவின்படி அது பொதுவாகச் செல்லாது. அந்தந்த நாட்டுச் சட்டம் அறிந்தவர் தேவைப்படுவது இதனால்தான்.

கடைசியாக வருவது வழக்குப் பிரிவு. மற்ற பிரிவுகளின் வேலை ஒழுங்காக நடந்திருந்தால் இங்கே வரத் தேவை இருக்காது.

"நண்பர்களுக்குள் கையெழுத்தா? நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்வி நம் சமூகத்தில் உடனே எழும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்னவர்களும் நம் முன்னோர்தான். வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஆனால் ஈராண்டு கழித்து யார் என்ன சொன்னார் என்பதை நிரூபிப்பது கடினம். அப்போது இழப்பது பணத்தை மட்டுமல்ல. பள்ளியிலிருந்து தொடர்ந்த நட்பையும்தான். பேச்சு இனிமையாக இருக்கும் தொடக்க நாளில்தான் பணத்தைப் பற்றித் தயங்காமல் பேச முடியும்.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பணமில்லை என்பதும் நியாயமான கவலையே. வணிகம் வளர்ந்து பெரிய தொகை புழங்கும்போது அவரிடம் போகலாம். அதுவரை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். யார் எவ்வளவு முதல் போட்டார்? லாபம், நட்டம் எப்படிப் பிரியும்? கடன் வாங்க யார் சம்மதம் வேண்டும்? ஒருவர் விலகினால் அவருக்கு என்ன கிடைக்கும்? பெயரும் சமூக ஊடகக் கணக்கும் யாருக்குச் சொந்தம்? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் அதில் இருக்கட்டும். பிறகு தகராறு வந்தாலும், 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சிறு கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடுக்கலாம். அங்கே உங்களுக்குத் துணை நிற்கப் போவது அந்தத் தாள்தான்.

சட்டத் துறையைத் தேர்ந்தெடுக்க எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை. வாதத் திறமை இல்லையே என்று பின்வாங்காதீர்கள். பொறுமையாகப் படிப்பவருக்கும், கணக்கு புரிந்தவருக்கும், மலாயிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றி எழுதுபவருக்கும் வணிகச் சட்டத்தில் இடமுண்டு. பட்டத்துக்குப் பின் ஒன்பது மாதப் பயிற்சிக் காலத்தில் எந்தப் பிரிவு பிடிக்கிறது என்று பாருங்கள். மளிகைக் கடைக்காரருக்கும் கேட்டரிங் நடத்தும் அம்மாவுக்கும், கையெழுத்திடும் முன் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் உங்களில் ஒருவராக இருக்கலாம்.