சாமுராய் தத்துவமும் நம் முட்டியும்

காலையில் கைபேசியைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு சாமுராய் நிற்கிறான். கையில் வாள், பின்னால் சிவப்புச் சூரியன், கீழே வலியை மதிக்காதே, சாவுக்கு அஞ்சாதே என்கிற ரீதியில் ஒரு பொன்மொழி. அனுப்புகிறவர்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பாதிப் பேர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இத்தனை நாள் சிரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். போன மாதம் நண்பர் ஒருவர் முட்டியில் ஜவ்வு கிழிந்து கட்டிலில் படுத்துவிட்டார். இனிமேல் சிரிப்பதாக இல்லை.

நண்பருக்கு வயது 57. உடம்பைத் தேற்ற வேண்டுமென்று ஒரு கராத்தே வகுப்பில் சேர்ந்தார். நல்ல விஷயம்தானே! அங்கே முதல் வாரமே குத்தவைத்தபடி தவளை மாதிரி தாவித் தாவிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். முட்டி வலிக்கிறது சார் என்று இவர் சொன்னதற்கு, சாமுராய் இப்படிச் சொல்லமாட்டான் என்று பதில் வந்ததாம். இதே தாவலை ஜப்பானில் முயல் தாவல் என்பார்கள். ஒரு காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் செய்ய வைத்தார்கள். முட்டியைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். ஜப்பான்காரன் குப்பையில் போட்டதை நம் வாத்தியார் சாமுராய் பெயரைச் சொல்லி எடுத்து வந்திருக்கிறார்.

நான் தற்காப்புக் கலைகளுக்கு எதிரி இல்லை. தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே 46 வயதில் ஜூடோ பழக ஆரம்பித்து, பதினைந்து வருடம் விடாமல் போனவன். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

முதலில், சாமுராய்க்கும் கராத்தேக்கும் என்ன சம்பந்தம்? கராத்தே ஒகினாவாத் தீவின் சொத்து. ரியூக்யூ என்ற தனி ராஜ்யமாக இருந்த இடம் அது. 1609-ல் படையெடுத்து வந்து அதை அடக்கியவர்களே சத்சுமா சாமுராய்கள்தான். கராத்தே வகுப்பில் சாமுராய் படம் மாட்டுவது, கட்டபொம்மன் விழாவில் பானர்மேன் துரை படத்துக்கு மாலை போடுகிற மாதிரி. படம் மாட்டத்தான் வேண்டுமென்றால் ஃபுனகோஷி கிச்சின் படத்தை மாட்டட்டும். சின்ன வயதில் நோஞ்சான், பள்ளிக்கூட ஆசிரியர். 1922-ல், 53 வயதில், கராத்தேயைக் காட்ட டோக்கியோவுக்கு வந்து, ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் தங்கி, அங்கே பெருக்குவதையும் தோட்ட வேலையையும் செய்துகொண்டு கற்றுக்கொடுத்தார். நம் வயதுக்காரர்களுக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? ஆனால் துடைப்பம் பிடித்தவர் படத்தை யாரும் ஃபார்வர்ட் செய்யமாட்டார்கள்.

இரண்டாவது, அந்த சாமுராய்கள் யார்? 1615-ல் ஒசாகா கோட்டை விழுந்தபின், நடுவே 1637-ல் வெடித்த ஷிமபாரா கலகத்தைத் தவிர, இருநூறு வருடத்துக்கு மேல் ஜப்பானில் பெரிய சண்டையே இல்லை. பெரும்பாலான சாமுராய்கள் இடுப்பில் இரண்டு வாளைச் செருகிக்கொண்டு ஆபீசுக்குப் போய்க் கணக்கு எழுதினார்கள். சம்பளம் அரிசியாக அளக்கப்பட்டது. சுருக்கமாகச் சொன்னால் குமாஸ்தாக்கள். நம் ஜாதி!

சாவைப் பற்றிய பொன்மொழிகளில் பல ஹகாகுரே என்ற புத்தகத்திலிருந்து வருகின்றன. அதைச் சொன்ன யமமோட்டோ சுனெடோமோ ஒரு போரைக்கூடப் பார்த்ததில்லை. பிரபுவிடம் எழுத்து வேலை பார்த்தவர். 1700-ல் பிரபு இறந்தபோது கூடவே உயிரை விட ஆசைப்பட்டார். அந்த வழக்கத்தை அந்தப் பிரபுவே முன்பு தடை செய்திருந்ததால் அதுவும் நடக்கவில்லை. தலையை மழித்துக்கொண்டு ஒதுங்கி வாழ்ந்தார். தேடி வந்த ஓர் இளைஞரிடம் அந்தக் காலத்துப் பிள்ளைகள் சரியில்லை என்றெல்லாம் ஏழு வருடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் எழுதி வைத்தார். 1719-ல் சுமார் அறுபது வயதில் சுனெடோமோ காலமானார். ஓய்வுபெற்ற குமாஸ்தாவின் நினைவலைகள், அவ்வளவுதான். (நானும் இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் யாரையும் சாகச் சொல்லவில்லை.) அதே புத்தகத்தை 1930-களில் ராணுவ ஆட்சிக்காரர்கள் கையில் எடுத்து இளைஞர்களுக்கு ஊட்டினார்கள். விளைவு எல்லோருக்கும் தெரியும்.

புஷிடோ என்ற பெயரை உலகத்துக்குப் பரப்பிய புத்தகமோ, உடல்நலம் கெட்டு அமெரிக்காவில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த நிட்டோபே இனாசோ ஆங்கிலத்தில் எழுதி 1900-ல் வெளிவந்தது. அவர் விவசாயப் பொருளாதாரம் படித்தவர்.

வாள் பிடித்து நிஜமாகவே சண்டை போட்ட முசாஷி என்ன சொல்கிறார்? முப்பதுக்கு முன் அறுபதுக்கு மேற்பட்ட மோதல்களில் தோற்காதவர். முப்பதைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, அந்த வெற்றிகள் வித்தையின் உச்சத்தால் வந்தவை அல்ல என்று தோன்றி, ஐம்பது வயதுவரை மறுபடி தேடியதாக எழுதியிருக்கிறார். இதை எவனும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

வலியைப் பொறு, எழுந்திரு என்கிற வீரத்துக்கு ஜப்பானே கொடுத்த விலையைக் கேளுங்கள். 1983-க்கும் 2010-க்கும் இடையில் பள்ளி ஜூடோவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். பலருக்குத் தலையில் அடி. பெற்றோர்கள் சங்கம் அமைத்துப் போராடிய பிறகே விழிப்பு வந்தது.

இத்தனைக்கும் ஜூடோவை உண்டாக்கிய கானோ ஜிகோரோ நினைத்தது வேறு. சாமுராய்கள் பழகிய ஜுஜுத்சுவை எடுத்து, ஆபத்தான முறைகளைப் பயிற்சிச் சண்டையிலிருந்து விலக்கி, 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் ஆரம்பித்தார். அதில் முதல் பாடம் எதிரியைத் தூக்கிப் போடுவது அல்ல, விழுவது. உகெமி என்பார்கள். குத்தவைத்து உட்கார்ந்து, தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகை வளைத்துப் பின்னால் உருள வேண்டும். உருளும்போது இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, முன்கை முழுவதும் மெத்தையில் படுகிறமாதிரி அறைய வேண்டும். அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவிவிடும். தாடை ஒட்டியிருப்பதால் பின்மண்டை தரையில் மோதாது. சும்மா விழுகிறவன் கையை நேராக ஊன்றுவான், மணிக்கட்டு போய்விடும். எனக்கு இது உடம்பில் ஏற மூன்று மாதம் ஆனது. குளியலறையில் மெத்தை கிடையாது, தெரியும். ஆனாலும் தாடையை ஒட்டுகிற பழக்கம் அங்கேயும் கூட வரும். நம் வயதில் எதிரி தெருவில் இல்லை ஐயா, ஈரத் தரையில் இருக்கிறான்.

இன்னொரு பாடம், தட்டுவது. பிடி இறுகினால் இரண்டு முறை தட்டினால் போதும், எதிராளி விட்டாக வேண்டும். தட்டியவனைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஜப்பான் கிழவர்கள் திடமாக இருப்பது சாமுராய் ரத்தத்தால் என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே காலை ஆறரை மணிக்கு அந்தக் கிழவர்கள் பூங்காவில் செய்வது ரேடியோ உடற்பயிற்சி. பத்து நிமிடம், பியானோ இசை. 1928-ல் அதைத் தொடங்கி வைத்ததில் முக்கியப் பங்கு தபால் துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவுக்கு. அந்த யோசனையும் ஓர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியைப் பார்த்து வந்தது. பாலிசிதாரர் நீண்ட நாள் உயிரோடு இருந்தால் பிரீமியம் தொடர்ந்து வரும் அல்லவா?

வகுப்பில் சேர நினைப்பவர்கள் தாராளமாகச் சேருங்கள். முதலில் எலும்பையும் ரத்த அழுத்தத்தையும் டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள். முதல் நாளே வாத்தியாரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: விழுவதற்கு எப்போது சொல்லிக்கொடுப்பீர்கள்? வலிக்கிறது என்றால் நிறுத்துவீர்களா? பதிலில் சாமுராய் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கட்டிய ஃபீஸ் போனால் போகட்டும். முட்டி ஆபரேஷனுக்கு ஆகிற செலவை என் நண்பர் சொல்லக் கேட்டேன்.