எங்கம்மா சட்டைக்கு என்ன பேர்?

“மிஸ், எங்கம்மா வேலைக்குப் போட்டுக்கிற சட்டைக்கு இங்கிலீஷ்ல இன்னா பேரு?”

கேட்டவளுக்கு எட்டு வயசு இருக்கும். இரட்டைப் பின்னல், ஒரு பின்னலில் மட்டும் ரிப்பன். இடம், காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு. கேள்விக்கு ஆளானவர் டீச்சரம்மா. கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது நான்.

அன்றைய பாடம், தொழில்களும் அவற்றுக்கு உரிய உடைகளும். சுவரில் ஒரு வர்ணப் படம் தொங்கியது. வெள்ளைக் கோட்டில் டாக்டர், காக்கியில் போலீஸ்காரர், தோளில் பையோடு போஸ்ட்மேன், இட்லிக் குண்டானைக் கவிழ்த்த மாதிரி உயரமான தொப்பியோடு ஒரு சமையற்காரர். டீச்சரம்மா குச்சியால் தொட்டுக் காட்டக் காட்ட, பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தினார்கள். “டாக்டர்! கோட்! போலீஸ்! கேப்!” எல்லாம் பேஷாக நடந்துகொண்டிருந்த போதுதான் இந்தக் கேள்வி வந்து விழுந்தது.

அந்தப் பெண்ணின் தாயார் மீன் விற்கிறவர். விடியற்காலையில் ஏலத்துக்குப் போகும்போது, புடவைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார். செதில் ஒட்டாது, கூடையிலிருந்து வழிகிற தண்ணீர் புடவையை நனைக்காது, வெயில் கையைச் சுடாது. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்களும் இப்படித்தான் போட்டுக்கொள்கிறார்கள். நாம் தினமும் பார்க்கிற காட்சி. ஆனால் எந்தப் பாடப் படத்திலாவது இதைப் பார்த்திருக்கிறோமா?

“ஷர்ட்” என்றார் டீச்சரம்மா.

“அது எங்கப்பா போட்டா, மிஸ். இது அம்மாவோட வேலைச் சட்டை!”

டீச்சரம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கரும்பலகையில் ‘வொர்க் ஷர்ட்’ என்று எழுதினார். இது சமாளிப்பு அல்ல, அசல் இங்கிலீஷ் வார்த்தைதான். உழைப்பாளிகள் போடும் முரட்டுச் சட்டைக்கு அந்த ஊரிலும் அதுதான் பெயர். எழுதி முடித்ததும் வர்ணப் படத்தைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, “நாளைக்கு எல்லாரும் உங்கள் வீட்டில் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் சாமான் ஏதாவது ஒன்று கொண்டு வாருங்கள்” என்றார்.

“நானும் வரலாமா?” என்று கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வடசென்னையில் இந்தப் பாடத்துக்குப் படமே வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிய மெட்ரோ ரயிலில் ஏறி உட்கார்ந்தால், ஸ்டேஷன் பெயர்களே பாடம் சொல்லும். வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். காலடிப்பேட்டை என்றால் எந்த மகானுடைய காலடியும் அல்ல. 1717 முதல் 1720 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை. காலெட்டின் பேர் நம் வாயில் நுழைந்து காலடி ஆகிவிட்டது! விம்கோ என்பதோ ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். வெளுப்பவர், நெய்பவர், தீக்குச்சி செய்பவர் என்று ஒரே டிக்கெட்டில் மூன்று தொழில்கள்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதான். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் ஊதும் பலூன் செய்ய ஆரம்பித்தார். பலூன் பெருத்து எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆயிற்று. என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிளும் திருவொற்றியூர்ச் சரக்குத்தான். எண்ணூருக்குப் போனால் பஸ்ஸும் லாரியும் செய்யும் அசோக் லேலண்ட், அதற்கும் அப்பால் அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம். காலை ஏழு மணிக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். நீலச் சட்டை, காக்கிச் சட்டை, மஞ்சள் ஹெல்மெட், ரப்பர் பூட்ஸ் எல்லாம் வரிசையாக உங்களைக் கடந்து போகும்.

அந்தக் காக்கிக்கே ஒரு கதை உண்டு. பாரசீக மொழியில் ‘காக்’ என்றால் மண், புழுதி. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், வெள்ளைச் சட்டை எதிரிக்குப் பளிச்சென்று தெரிகிறதே என்று பட்டாளத்தார் புழுதி நிறத்துக்கு மாறினார்கள். நம் பெரம்பூரில் பக்கிங்ஹாம் அண்டு கர்னாடிக் மில் நெய்த காக்கித் துணி பட்டாளம் பட்டாளமாக உடுத்தியது. அந்த மில் 1996-ல் மூடிவிட்டது. வார்த்தை மட்டும் உலகம் பூராவும் நடமாடிக்கொண்டிருக்கிறது. நீலச் சட்டை வந்த காரணம் இன்னும் எளிது. எண்ணெய்க் கறை அதில் சட்டென்று தெரியாது. வீட்டில் துவைக்கிற நமக்குத் தெரியாத ரகசியமா?

அது கிடக்கட்டும். குழந்தைக்கு வீட்டில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் தாய்மார்களுக்கு, அந்த வகுப்பில் நான் கற்றுக்கொண்ட இரண்டொரு சூட்சுமங்களைச் சொல்கிறேன்.

நாம் புடவை கட்டுகிறோம். சட்டை போடுகிறோம். கண்ணாடி மாட்டுகிறோம். பூ வைத்துக்கொள்கிறோம். இங்கிலீஷ்காரருக்கு இத்தனையும் ஒரே ‘வேர்’தான். நம் குழந்தை நாலைந்து வினைச்சொற்களை மூட்டை கட்டி ஒன்றுக்குள் போட வேண்டியிருக்கிறது, அதனால்தான் தடுமாறுகிறது. போட்டுக்கொள்கிற நேரத்துக்கு ‘புட் ஆன்’, போட்டிருக்கிற நேரத்துக்கு ‘வேர்’ என்று கண்ணாடி முன்னால் நின்று செய்து காட்டினால் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது, ஜோடி விவகாரம். பூட்ஸும் கிளவ்ஸும் ஜோடி என்பது நமக்குப் புரிகிறது. ஒரே ஒரு நிஜாரை எதற்காக ‘ட்ரவுசர்ஸ்’ என்று பன்மையில் சொல்கிறார்கள்? கால் இரண்டு இருப்பதனால். கண்ணாடியும் அப்படியே. “அப்போ சட்டைக்கும் கை ரெண்டு இருக்கே, மிஸ்?” என்றான் ஒரு பொடியன். டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மூன்றாவதுதான் பெரிய வேடிக்கை. வெல்ட் செய்கிறவர் வெல்டர், பெயிண்ட் அடிக்கிறவர் பெயிண்டர், டிரைவ் செய்கிறவர் டிரைவர் என்று டீச்சரம்மா சூத்திரம் சொல்லிக் கொடுத்தார். நம் பால்காரர், பூக்காரம்மா மாதிரிதான். உடனே ஒருத்தி எழுந்தாள். அவள் அம்மா பள்ளிக்கூடத்துக் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறவர். சூத்திரத்தைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டு, “மை மதர் இஸ் எ குக்கர்!” என்றாள். வகுப்பே விசில் அடித்தது. சமைக்கிற மனுஷிக்கு ‘குக்’, சமைக்கிற பாத்திரத்துக்குத்தான் ‘குக்கர்’ என்று விளக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அந்தப் பெண் செய்த தப்பு, புத்திசாலி செய்கிற தப்பு. மனப்பாடம் செய்கிறவர்களுக்கு அந்தத் தப்பு வரவே வராது.

மறுநாள் வகுப்பு, சந்தையாக இருந்தது. வெல்டர் மகன் அப்பாவின் தோல் ‘ஏப்ர’னைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தான். இந்த ஏப்ரனும் ஒரு காலத்தில் ‘நேப்ரன்’ என்று இருந்ததாம். ‘எ நேப்ரன்’ என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, ‘ன’கரம் முன் வார்த்தையோடு ஒட்டிக்கொண்டு ‘ஆன் ஏப்ரன்’ ஆகிவிட்டது. காலெட் காலடியான கதைதான். அவர்கள் ஊரிலும் நாக்கு நாக்குத்தானே! டிரைவர் வீட்டிலிருந்து காக்கிச் சட்டை வந்தது. ஐஸ் உடைக்கிறவர் வீட்டிலிருந்து ரப்பர் பூட்ஸ். நம் இரட்டைப் பின்னல்காரி அம்மாவின் சட்டையோடு, தலையில் கூடைக்கு அடியில் வைக்கும் சும்மாட்டையும் கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் படத்தில் பேர் இல்லை. “சும்மாடு என்றே எழுதுங்கள். கட்டுமரத்தை அவர்கள் ‘கேட்டமரான்’ என்று எடுத்துக்கொண்டார்களே, இதையும் எடுத்துக்கொள்ளட்டும்” என்றார் டீச்சரம்மா.

“எங்கம்மா வேலைக்குப் போவல, மிஸ். சும்மாத்தான் இருக்காங்க” என்று ஒரு பெண் வெறுங்கையோடு நின்றாள்.

“சும்மா இருக்கிற அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்?”

“நாலு மணிக்கு. தண்ணி புடிக்க.”

டீச்சரம்மா மறுபேச்சுப் பேசாமல் ‘ஹோம்மேக்கர்’ என்று எழுதினார். முதல் நாள் சூத்திரம் ஞாபகம் இருக்கிறதல்லவா? மேக் என்றால் செய், செய்கிறவர் மேக்கர். அந்தக் குழந்தை அதை நோட்டில் இரண்டு தரம் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

பெண்கள் என்றதும் இன்னொன்று. அந்தப் பழைய படத்தில் ‘ஃபயர்மேன்’ என்று அச்சிட்டிருந்தது. 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் தீப்பிடித்தபோது உள்ளே போய்த் தீக்காயம் பட்ட அதிகாரிகளில் பிரியா ரவிச்சந்திரன் என்ற பெண்மணியும் ஒருவர். அவரை எப்படி ‘மேன்’ என்பது? இப்போது ‘ஃபயர்ஃபைட்டர்’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். உடையும் தொப்பியும் இருவருக்கும் ஒன்றுதான்.

எல்லாச் சாமானையும் மேஜைமேல் பரப்பிவிட்டு டீச்சரம்மா கேட்டார்: “இதையெல்லாம் எதற்காகப் போட்டுக்கொள்கிறார்கள்?” “அழகுக்கு” என்றது ஒரு குரல். “அடிபடாம இருக்க” என்றான் வெல்டர் மகன். அவனுக்குத் தெரியும், அப்பாவின் முழங்கையில் தீப்பொறித் தழும்பைப் பார்த்திருக்கிறான்.

அவன் சொன்னதுதான் சட்டமும். ஓடுகிற மெஷினுக்கு எண்ணெய் போடப் போகிறவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அந்த உடையைத் தொழிற்சாலையே கொடுக்க வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. தொளதொள வேட்டியைச் சக்கரம் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தவர்கள் எழுதிய சட்டம். தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளைப் பாதாளச் சாக்கடைக்குள் இறக்குவது குற்றம் என்று 2013-ம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. சட்டத்தில் வார்த்தை இருக்கிறது. கையில் கையுறை இருக்கிறதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் படகில் போய் மக்காலும் வாளியாலும் அதை மொண்டார்கள். சரியான கையுறைகூட இல்லாமல் மொண்டவர்கள் பலர். ‘கிளவ்ஸ்’ என்ற வார்த்தையை அவர்கள் பிள்ளைகள் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுகிறார்கள். அப்பாவுக்கு அது கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வதில் தப்பென்ன?

கடைசியாக ஒரு பையன். முதல் நாள் “வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?” என்று கேட்டதற்கு, “கார்ப்பரேஷன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டவன். இன்று ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீச்சரம்மா அவசரப்படவில்லை. எல்லாரும் முடித்த பிறகு அவனே எழுந்து வந்து பையைக் கவிழ்த்தான். இருட்டில் பளபளக்கும் பட்டை தைத்த மேல்சட்டை. துவைத்து, மடித்து, இஸ்திரி போட்டிருந்தது.

“இதற்கு ‘ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட்’ என்று பேர்” என்றார் டீச்சரம்மா. ஜாக்கெட் என்றதும் சிறுமிகள் கொல்லென்று சிரித்தார்கள். நமக்குத்தான் ஜாக்கெட் என்றால் ரவிக்கை ஆயிற்றே! பையனும் சிரித்துவிட்டான். பிறகு அவர் ‘சானிட்டேஷன் வொர்க்கர்’ என்று பெரிசாக எழுதினார். தமிழில் தூய்மைப் பணியாளர். “விடிகிறதுக்கு முந்தி இவன் அப்பா ரோட்டில் நிற்கிறார். லாரிக்காரர் கண்ணுக்கு அவர் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் இந்தப் பட்டை” என்றார்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் விடக் கூடாது என்று ரிப்பன் மாளிகைக்கு முன்னால் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். பத்திரிகையில் படம் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்து “வாட் டஸ் யுவர் மதர் டூ?” என்ற கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

மணி அடித்தது. அந்தப் பையன் மேல்சட்டையை மடித்தபடியே மெதுவாக எழுத்துக்கூட்டிப் பார்த்தான். அன்று கரும்பலகையில் இருந்ததிலேயே நீளமான வார்த்தை அவன் அப்பாவுடையது. வாசற்படி தாண்டுமுன் இரண்டு தரம் தப்பாகவும் ஒரு தரம் சரியாகவும் சொல்லிவிட்டான்.

இன்று சாயங்காலம் உங்கள் குழந்தை நோட்டைத் திறந்து “போஸ்ட்மேன், டாக்டர்” என்று ஒப்பிக்க ஆரம்பித்தால் கொஞ்சம் நிறுத்துங்கள். வாசலுக்கு வரும் மீன்காரம்மாவை, குப்பை வண்டிக்காரரை, காஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவரைக் காட்டி, என்ன வேலை, என்ன உடுப்பு, எதற்காக அந்த உடுப்பு என்று கேளுங்கள். இங்கிலீஷ் தானாக வரும். முடிந்தால், உங்கள் இடுப்பில் செருகியிருக்கும் கைபிடித்துணியையும் காட்டுங்கள். அதுவும் வேலை உடுப்புத்தான்.