விழாவுக்கு முன்னே விளக்கு

நவம்பர் மாதத்திலேயே கிறிஸ்மஸ் அலங்காரத்தைத் தொடங்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், "ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் அப்படித்தானே!" என்று சிலர் பதில் கூறுகின்றனர். அந்நாட்டு வீடுகளின் வெளிர் நிறச் சுவர்களும், எளிய மர நாற்காலிகளும், சாளரத்தில் ஒளிரும் விளக்குகளும் படத்தில் பார்த்தாலே மனத்தைக் கவர்வன. எனக்கும் அவற்றின்மீது ஆசை உண்டு. ஆயினும் அவற்றின் பெயரால் இன்று நடைபெறும் அவசரத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

டிசம்பர் மாதத்தில் ஸ்டாக்ஹோம் நகருக்குக் கிடைக்கும் பகல் ஏறத்தாழ 6 மணி நேரமே. வடகோடியிலுள்ள கிருனாவிலோ சில வாரங்கள் கதிரவன் எழுவதே இல்லை. உள்ளே வரும் சிறிதளவு ஒளியையும் வீணாக்காமல் அறையெங்கும் பரப்ப வெளிர் நிறம் உதவுகிறது. பைன், பிர்ச் ஆகியவை அவர்கள் காட்டிலேயே வளரும் மரங்கள். ஆக, அந்த அழகு ஆடம்பரத்தில் அன்று, தேவையில் பிறந்தது.

அதற்காக எல்லாம் வெண்மையே என்று எண்ணிவிடலாகாது. ஓவியர் கார்ல் லார்சனும் அவர் மனைவி காரினும் 1888-இல் சுண்ட்போர்ன் என்னும் சிற்றூரில் ஒரு சிறு வீட்டைப் பெற்றனர். அதில் பச்சையும் சிவப்புமாக எத்தனை வண்ணங்கள்! கணவர் அவ்வீட்டை வரைந்து 1899-இல் நூலாக வெளியிட்டார். அதிலுள்ள திரைகளை நெய்ததும், விரிப்புகளைத் தைத்ததும், நாற்காலிகளுக்கு வடிவம் கொடுத்ததும் காரின். அவரும் முறையாகப் பயின்ற ஓவியரே. புகழோ நெடுங்காலம் கணவருக்கே சென்றது. (நமக்குப் புதிய கதையா என்ன!) அதே 1899-இல், ஆசிரியையாகப் பணியாற்றிய எல்லன் கேய் என்னும் பெண்மணி, அழகு செல்வர்க்கு மட்டும் உரியதன்று, உழைப்பாளியின் வீட்டுக்கும் உரியது என்று எழுதினார். இங்வார் காம்ப்ராத் என்னும் 17 வயது இளைஞர் 1943-இல் தொடங்கிய ஐக்கியா நிறுவனம், பின்னாளில் அந்த எளிமையை உலகெங்கும் விற்பனைப் பொருளாக்கியது. 2018-இல் அது ஹைதராபாத்துக்கும் வந்துவிட்டது.

இனி அலங்காரத்துக்கு வருவோம். ஸ்வீடன் மக்கள் முன்கூட்டியே தொடங்குவது உண்மைதான். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே, சில ஆண்டுகளில் அது நவம்பர் இறுதியிலேயே வந்துவிடும், சாளரங்களில் மின்விளக்குத் தண்டுகளும் நட்சத்திரங்களும் ஒளிரத் தொடங்கும். ஆனால் மேசைமேல் நிற்கும் நான்கு மெழுகுவர்த்திகளில் அன்று ஏற்றப்படுவது ஒன்றே! அடுத்த ஞாயிறு இரண்டு, பின்னர் மூன்று. நான்காம் ஞாயிறு வருகையில் முதல் வர்த்தி மிகக் குட்டையாகி, நான்கும் படிக்கட்டுபோல் நிற்கும். காத்திருந்த நாள்களைக் கண்ணால் காட்டும் கடிகாரம் அன்றோ அது! இடையில் டிசம்பர் 13, புனித லூசியாவின் திருநாள். லூத்தரன் மரபில் வளர்ந்த அந்நாடு சிசிலித் தீவின் இப்புனிதையை மறக்காதிருப்பது விந்தையே. வெள்ளை உடையணிந்த சிறுமி ஒருத்தி தலையில் ஒளிமுடி சூடி வர, ஏனையோர் பாடிக்கொண்டு பின்தொடர்வர். மரமோ, பழைய வழக்கப்படி, விழாவுக்கு முந்திய ஓரிரு நாள்களில்தான் வீட்டுக்குள் வரும்.

கடைவீதிகள் செய்வது இதுவா? நவம்பரில் ஒரே இரவில் மரம், மணி, நட்சத்திரம், பனிமனிதன் அனைத்தும் ஒருசேர எரிகின்றன. டிசம்பர் 25 வருமுன் கண் சலித்துவிடுகிறது. ஸ்வீடனிலும் இக்காய்ச்சல் பரவாமலில்லை.

24-ஆம் நாள் வரை ஒரு காகிதத் தோரணமும் கட்டலாகாது என்னும் கண்டிப்பாளர் பக்கமும் நான் இல்லை. முன்னதாகத் தொடங்குவது குற்றமன்று. முதல் நாளே எல்லாவற்றையும் முடித்துவிடுவதுதான் என் மனக்குறை. ஆகவே தோழியரே, உங்கள் இல்லத்தில் முதல் ஞாயிறன்றே குடில் கட்டத் தொடங்குங்கள். ஒரு வாரம் வைக்கோல், மறுவாரம் ஆடுமாடுகள், பின்னர் இடையர்கள். பாலன் சுரூபம் மட்டும் 24-ஆம் நாள் இரவு வரை பெட்டியிலேயே இருக்கட்டும். எப்போது வைப்போம் என்று வீட்டுச் சிறு பிள்ளைகள் நச்சரிப்பார்கள்; நச்சரிக்கட்டுமே!